மீண்டும் மீண்டும் ஆடத் தூண்டும் கோல்ஃப் மைதானம் எப்படி இருக்கும்?

கோல்ஃப் ஆடத் தொடங்கிய எவரும் கொஞ்ச காலத்திலேயே ஒன்றைக் கவனிப்பார்கள். பெரிய போட்டிகள் நடந்த, படத்தில் பார்த்தாலே மலைக்க வைக்கிற மைதானத்தில் ஒருமுறை ஆடிவிட்டு வந்தவர், மறுபடி அங்கே போவதைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். அதே மனிதர், வெளியே யாருக்கும் பெயர் தெரியாத ஒரு மைதானத்துக்கு வாரம் தவறாமல் போய்க்கொண்டிருப்பார். பக்கத்தில் இருக்கிறது, கட்டணம் குறைவு என்று காரணம் சொல்வார். அவையும் காரணங்கள்தாம். ஆனால் பக்கத்திலேயே இருந்தும் அலுத்துப்போகிற மைதானங்களும் உண்டே! அலுக்காமல் இருப்பதற்கான காரணம் அந்தத் தரையிலேயே, அதை வடிவமைத்த விதத்திலேயே இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மைதானம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ‘இப்படியா, அப்படியா’ என்று நம்மை யோசிக்க வைக்கிறதோ, அது அலுக்காது. நீளமும் கடினமும் அழகும் அதற்கு அடுத்த வரிசையில்தான் வரும். இதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தில் தேர்ச்சி வேண்டியதில்லை. ஒரு மைதானம் எந்தெந்த உறுப்புகளால் ஆனது, அவை ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று தெரிந்தால் போதும்.

மைதானத்தின் உறுப்புகள்

ஒரு முழு மைதானத்தில் 18 குழிகள் இருக்கும். குழி என்று இங்கே சொல்வது, தொடக்க இடத்திலிருந்து கொடி நட்ட துளை வரையிலான முழுப் பகுதியை. ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க இடம் உண்டு, அது டீ. அங்கிருந்து பந்தை அடித்து அனுப்ப வேண்டிய, ஒட்ட வெட்டிய புல்வெளிப் பாதை ஃபேர்வே. அதன் இருபுறமும் உயரமாக வளரவிட்ட புல்லை ரஃப் என்கிறார்கள். வழியிலும் முடிவிலும் மணல் நிரப்பிய பள்ளங்கள் இருக்கும், அவை பங்கர்கள். கடைசியில், பந்து தடையின்றி உருளும்படி மிக மிகக் குட்டையாக வெட்டிய கிரீன். கொடி நட்ட துளை அதில்தான் இருக்கும். நன்றாக ஆடும் ஒருவர் ஒரு குழியை எத்தனை ஷாட்டில் முடிப்பார் என்ற கணக்குக்கு ‘பார்’ என்று பெயர். அது பெரும்பாலும் 3, 4 அல்லது 5. பதினெட்டையும் கூட்டினால் 70, 72 என்ற அளவில் வரும்.

டென்னிஸ் களத்துக்கும் கூடைப்பந்துக் களத்துக்கும் அங்குலக் கணக்கில் அளவுகள் உண்டு. கோல்ஃபில் விதிப் புத்தகம் கறாராக இருப்பது துளையின் விஷயத்தில்: 4.25 அங்குல விட்டம், குறைந்தது 4 அங்குல ஆழம். மற்றபடி ஒரு குழி எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் வளைகிறது, பங்கர் எங்கே, கிரீன் எந்தப் பக்கம் சரிகிறது என்பதெல்லாம் வடிவமைப்பாளரின் கையில் இருக்கிறது. 18 என்ற எண்ணுக்குக்கூடத் தனிப் புனிதம் ஏதுமில்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 22 குழிகளாக ஆடிவந்ததை 1764இல் 18 ஆகச் சுருக்கினார்கள். பிற்பாடு உலகம் அதைப் பின்பற்றியது. கோல்ஃபின் மிகப் பழைய பெரும் போட்டியான ஓப்பன் சாம்பியன்ஷிப் 1860இல் முதன்முதலாக நடந்த, ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில் இருந்தவை 12 குழிகள்தாம்.

இவ்வளவு சுதந்திரம் இருப்பதால்தான் மைதானத்துக்கு மைதானம் குணம் மாறுகிறது. சிலருடைய கையில் அந்தச் சுதந்திரம் வீணாகிப்போவதும் உண்டு.

அகலம் எதற்கு?

ஒரு குழியைக் கற்பனை செய்துகொள்வோம். நீளம் 380 கஜம், பார் 4. ஃபேர்வே 60 கஜ அகலம். கிரீனின் முன்புறத்தில் வலது பாதியை ஆழமான பங்கர் ஒன்று மறைத்துக்கொண்டிருக்கிறது. இடது பாதி திறந்திருக்கிறது. அதே சமயம், டீயிலிருந்து 210 கஜ தூரத்தில், ஃபேர்வேயின் இடது ஓரத்தை ஒட்டி இன்னொரு பங்கர்.

இப்போது டீயில் நிற்கிறீர்கள். வலது பக்கம் அகன்று கிடக்கிறது. எப்படி அடித்தாலும் பந்து புல்லில்தான் நிற்கும். ஆனால் அங்கிருந்து அடுத்த ஷாட் கிரீன் பங்கரின் தலைக்கு மேலே உயர்ந்து போய், உடனே நிற்க வேண்டும். இடது பக்கம், அந்த முதல் பங்கரை உரசிக்கொண்டு போகத் துணிந்தால், கிரீனின் வாசல் நேராகத் திறக்கும். பந்தைத் தரையோடு உருட்டிக்கூட உள்ளே அனுப்பலாம். முதல் ஷாட்டில் சுகம் வேண்டுமா, இரண்டாம் ஷாட்டில் சுகம் வேண்டுமா என்று குழி உங்களைக் கேட்கிறது. பதில் ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கே கூட இன்று ஒன்று, நாளை வேறொன்று. எதிர்க்காற்று அடித்தால் அந்த 210 கஜ பங்கரை யாரும் எளிதில் தாண்ட முடியாது, கணக்கு தலைகீழாகிவிடும். துளையை கிரீனின் இடது மூலைக்கு மாற்றினால் வலது பக்கத்து ஷாட்டும் பரவாயில்லை என்றாகிவிடும்.

அதே குழியின் ஃபேர்வேயை 25 கஜமாகக் குறுக்கி, இரண்டு பக்கமும் முழங்கால் உயரப் புல்லை வளர்த்துப் பாருங்கள். கேள்வி மறைந்துவிட்டது. ‘நேராக அடி’ என்ற உத்தரவு மட்டும் மிஞ்சுகிறது. கடினம் கூடியிருக்கிறது, சுவை போய்விட்டது. அகலமான மைதானம் சுலபமானது, குறுகலானது தரமானது என்று புதியவர்கள் நினைப்பது இயல்பு. விவரம் தெரிந்த பலரும்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. அகலம் இருந்தால்தான் அந்த அகலத்துக்குள் நல்ல இடம், கெட்ட இடம் என்ற பேதமே பிறக்கும்.

மேலே சொன்ன கற்பனைக் குழியின் கண்ணாடிப் பிம்பத்தை நிஜத்தில் பார்க்க வேண்டுமானால், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸின் 17ஆவது குழியைப் பார்க்கலாம். அங்கே கிரீனின் இடதுபுறத்தை ஒரு சிறிய, ஆழமான பங்கர் கடித்துவைத்திருக்கிறது; கிரீனுக்குப் பின்னால் ஒரு சாலையும் கல்சுவரும். வலது பக்கத்திலிருந்து வந்தால் வழி ஓரளவு திறக்கும். ஆனால் வலது பக்கத்தில்தான் மைதானத்தின் எல்லை, அதற்கப்பால் ஹோட்டல். டீயிலிருந்து அந்த ஹோட்டல் வளாகத்தின் மூலைக்கு மேலாகவே பந்தை அனுப்ப வேண்டும். எவ்வளவு வலப்பக்கம் துணிகிறீர்களோ அவ்வளவு லாபம்; கொஞ்சம் அதிகம் துணிந்தால் பந்து எல்லைக்கு வெளியே. தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்கள் இந்த ஒரு குழியைப் பற்றியே விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே மைதானத்தில் முதல் குழியும் கடைசிக் குழியும் ஒரே பரந்த ஃபேர்வேயைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டிலும் ஒரு பங்கர்கூட இல்லை. மற்ற குழிகளில் மொத்தம் 112 பங்கர்கள், அவற்றில் பல டீயிலிருந்து கண்ணுக்கே தெரியாதவை. 14ஆவது குழியின் ‘ஹெல்’ பங்கரில் 1995 ஓப்பனின்போது ஜாக் நிக்லஸ் சிக்கி, வெளியே வரவே நான்கு ஷாட் எடுத்து, அந்தக் குழியை 10 ஷாட்டில் முடித்தார். இதே மைதானத்தில் இரண்டு முறை ஓப்பனை வென்றவர் அவர். சுற்றிப்போக வழி இருக்கிறது; ஆனால் சுற்றிப்போவதா வேண்டாமா என்பதைப் பந்து கிடக்கும் இடத்தையும் காற்றையும் பார்த்து நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

தண்டிப்பதும் தூண்டுவதும்

மைதான வடிவமைப்பில் மூன்று போக்குகளைப் பொதுவாகச் சொல்வார்கள். தவறினால் உடனே தண்டிப்பது ஒன்று. பல வழிகளைத் திறந்துவிட்டு, எந்த வழிக்கு என்ன விலை என்று கேட்பது இன்னொன்று. ஒரே துணிச்சலான ஷாட்டில் பெரிய லாபத்தைக் காட்டி ஆசை மூட்டுவது மூன்றாவது.

தண்டிக்கும் வகைக்குப் பிரபலமான உதாரணம், அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள டிபிசி சாக்ராஸ் மைதானத்தின் 17ஆவது குழி. 137 கஜம்தான். ஆனால் கிரீனைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். பந்து கிரீனில் விழும், அல்லது குளத்தில் விழும். மூன்றாவது வழி கிடையாது. தொலைக்காட்சியில் பார்க்க இதைவிடப் பரபரப்பான குழி அரிது. வாழ்நாளில் ஒருமுறை ஆடிப்பார்க்கவும் ஆசைதான். வாரந்தோறும் ஆடுகிற மைதானத்தில் இப்படி ஒன்றுக்கு மேல் இருந்தால், சுமாராக ஆடுபவர் பந்து வாங்கியே சலித்துவிடுவார்.

ஆசை மூட்டும் வகைக்கு, அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தின் 13ஆவது குழி. பார் 5. கிரீனுக்கு முன்னால் ஓடை. இரண்டாவது ஷாட்டிலேயே ஓடையைத் தாண்டினால் பெருத்த லாபம். வேண்டாம் என்றால் ஓடைக்கு இப்பால் நிறுத்தி மூன்றாவதில் ஏறலாம். பலவீனமான ஆட்டக்காரருக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அகஸ்டாவை வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கென்சியும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸும் சேர்ந்து 1930களின் தொடக்கத்தில் உருவாக்கியபோது, பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து 22 பங்கர்களே இருந்தன. ரஃப் அநேகமாக இல்லை. உலகத்தின் தலைசிறந்தவர்கள் மோதும் களத்தைப் புதியவரும் மகிழ்ந்து ஆடும்படி அமைக்க வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம்.

மெக்கென்சி தொழிலால் மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பணியாற்றியபோது, எதிராளிகள் நிலத்தோடு நிலமாக மறைந்துகொள்ளும் உத்தியைக் கவனித்து, பின்னாளில் அதையே பங்கர்களையும் மேடுகளையும் இயற்கையாகத் தோன்றச் செய்வதற்குப் பயன்படுத்தினார். நல்ல மைதானத்துக்கான நெறிகளை 1920இல் அவர் வகுத்து எழுதினார். தொலைந்த பந்தைத் தேடும் எரிச்சல் இருக்கக்கூடாது, ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்கு அதிகம் நடக்க வைக்கக்கூடாது, நிறைய ஷாட் எடுப்பவரும் சந்தோஷமாக ஆட வேண்டும் என்பவை அவற்றில் அடக்கம். நூறாண்டுக்குப் பிறகும் இவற்றில் ஒன்றைக்கூட நீக்கத் தோன்றவில்லை.

315 கஜத்தில் எத்தனை கேள்வி!

நீளமான மைதானம்தான் நல்ல மைதானம் என்ற எண்ணத்துக்கு மருந்து, லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள ரிவியேரா மைதானத்தின் 10ஆவது குழி. ஜார்ஜ் தாமஸ் வடிவமைத்தது. நீளம் சுமார் 315 கஜம், பார் 4. இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்களால் ஒரே ஷாட்டில் கிரீனை எட்டிவிட முடியும். அப்படியிருந்தும் அவர்கள் டீயில் நின்று கையைப் பிசைகிறார்கள்.

காரணம் கிரீனின் வடிவம். அது ஒடுங்கியது, டீயைப் பார்க்க நேராக இல்லாமல் சாய்வாகப் போடப்பட்டிருக்கிறது, பங்கர்கள் காவல் நிற்கின்றன. ஃபேர்வேயின் இடது கோடியிலிருந்து பார்த்தால் கிரீன் நீளவாக்கில் தெரியும். பந்து இறங்கி ஓட இடமுண்டு. நடுவிலிருந்தோ வலதிலிருந்தோ பார்த்தால் அதன் குறுகிய இடுப்பு மட்டும்தான் தெரியும். அங்கே சிறிய ஷாட்டைக்கூட நிறுத்துவது பெரும்பாடு. ஆகவே ஒருவர் இரும்பு மட்டையால் 200 கஜம் இடப்பக்கமாக அடித்துவிட்டு, நிதானமாக இரண்டாவதை அடிக்கலாம். இன்னொருவர் மிக அதிக தூரம் அடிக்கும் மட்டையான ட்ரைவரை எடுத்து நேரே கிரீனை நோக்கி அனுப்பலாம். சற்றுத் தவறினால் பங்கரிலிருந்து, தன்னைவிட்டு விலகிச் சரியும் கிரீனுக்கு அடிக்க நேரிடும். இரண்டு வழியிலும் 3 வாங்கியவர்கள் உண்டு. இரண்டு வழியிலும் 6 வாங்கியவர்களும் உண்டு. நாளை மறுபடி அதே டீயில் நின்றால் இன்னொரு வழியை முயலத் தோன்றும். அந்தத் தோன்றுதல்தான் ஒரு குழியின் உயிர்.

குட்டைக் குழிகளில் இன்னொரு நன்மை உண்டு: வலிமை குறைந்தவரும் வலிமை மிக்கவரும் ஒரே கேள்வியை எதிர்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்தின் 8ஆவது குழி 123 கஜம்தான். கிரீன் அஞ்சல்தலை அளவு என்று அதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். 1950 ஓப்பனில் ஒரு ஜெர்மன் ஆட்டக்காரர் அங்கே 15 ஷாட் எடுத்தார். 1973 ஓப்பனில் 71 வயது ஜீன் சாராசென் அதே குழியை ஒரே ஷாட்டில் முடித்தார்!

கடினத்தை அளக்கும் எண்கள்

மதிப்பெண் அட்டையில் இரண்டு எண்களைப் பார்ப்பீர்கள். கோர்ஸ் ரேட்டிங் என்பது, ஹேண்டிகேப் பூஜ்யமான திறமைசாலி அங்கே எவ்வளவு ஷாட் எடுப்பார் என்ற மதிப்பீடு. ஸ்லோப் ரேட்டிங் என்பது, அவரோடு ஒப்பிடும்போது ஒரு சுமாரான ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகச் சிரமம் தரும் என்பதைக் காட்டுவது. அது 55 முதல் 155 வரை போகும்; 113 என்பது நடுத்தர அளவாக வைக்கப்பட்டது. ஹேண்டிகேப் என்பதே ஒருவருடைய ஆட்டத் தரத்தைக் குறிக்கும் எண். குறைவாக இருந்தால் திறமை அதிகம்.

இந்த எண்கள் சிரமத்தை அளக்கின்றன, மகிழ்ச்சியை அளப்பதில்லை. ஸ்லோப் 145 என்று பெருமையாகச் சொல்லும்போது, ‘சுமாராக ஆடுபவர் இங்கே அவதிப்படுவார்’ என்றுதான் அதற்குப் பொருள். புதியவர் தேட வேண்டியது, திறமைசாலிக்கு ரேட்டிங் மதிப்பாக இருந்தும் ஸ்லோப் மிதமாக உள்ள மைதானத்தை.

நீளம் விஷயத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய திருத்தம் உங்கள் கையிலேயே இருக்கிறது: எந்த டீயிலிருந்து ஆடுவது என்பது. ஒவ்வொரு குழிக்கும் முன்னும் பின்னுமாகப் பல டீக்கள் உண்டு. ட்ரைவரால் 150 கஜம் அடிப்பவர் 420 கஜ குழியை ஆடினால், மூன்று முழு ஷாட் அடித்துத்தான் கிரீனை எட்டுவார்; நான் மேலே விவரித்த தேர்வுகள் எதுவும் அவருக்கு இல்லை, அடி, நட, அடி, நட என்பதுதான் மிச்சம். அவரை 290 கஜ டீக்கு முன்நகர்த்துங்கள். முதல் ஷாட் பங்கரின் பக்கத்தில் போய் நிற்கிறது. இரண்டாவதில் கிரீன் எட்டும் தூரத்தில் இருக்கிறது. திடீரென்று வடிவமைப்பாளர் எழுப்பிய கேள்வி அவருக்கும் புரிய ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் 2011இல் இதற்கென்றே ஒரு பிரசார இயக்கம் தொடங்கினார்கள். அதற்கெல்லாம் வெகு முன்பே பெண் ஆட்டக்காரர்களுக்கு நியாயமான தூரத்தில் டீக்கள் வேண்டும் என்று வாதாடி வந்தவர் மைதான வடிவமைப்பாளர் ஆலிஸ் டை. சாக்ராஸின் தீவுக் கிரீனை அமைக்க யோசனை சொன்னவரும் அவரே என்பது சுவையான செய்தி. முன் டீயிலிருந்து ஆடுவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

தொலைந்த பந்து

ஒரு மைதானத்தின் மீது வெறுப்பு வரவைக்கப் பந்து தொலைவதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. விதிப்படி பந்தைத் தேட 3 நிமிடம்தான். 2019க்கு முன்னால் 5 நிமிடம் இருந்தது. கிடைக்காவிட்டால் முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய், ஒரு ஷாட் தண்டத்தோடு மறுபடி அடிக்க வேண்டும். பின்னால் வருபவர்கள் இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். நால்வர் குழு ஒன்று ஒவ்வொரு குழியிலும் ஒரு பந்தைத் தேடினால், நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம் எளிதாக ஐந்தரை மணி நேரமாகிவிடும்.

அடர்ந்த ரஃப், ஃபேர்வேயை நெருக்கும் மரங்கள், எங்கு பார்த்தாலும் குளம், இவை மூன்றையும் குறைத்தாலே மைதானத்தின் முகம் மாறிவிடும். வட கரோலைனாவின் பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானம் இதற்குச் சான்று. டொனால்டு ராஸ் வடிவமைத்த அந்த மைதானத்தில், காலப்போக்கில் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த ரஃப் இரண்டு பக்கமும் சூழ்ந்துவிட்டிருந்தது. 2010-11இல் வடிவமைப்பாளர்கள் பில் கோரும் பென் கிரென்ஷாவும் அதைப் பெயர்த்தெடுத்து, அடியிலிருந்த மணலையும் நாட்டுப் புல் புதர்களையும் மீட்டார்கள். இப்போது ஃபேர்வேயை விட்டு விலகும் பந்து கண்ணில் படுகிறது. மணலில் சுத்தமாக நிற்கிறதா, புல் புதரின் அடியில் மாட்டியிருக்கிறதா என்பது மட்டும் கிட்டே போனால்தான் தெரியும். மைதானம் எளிமையாகிவிட்டதா? 2014இல் ஆண்கள், பெண்கள் இருவரின் யுஎஸ் ஓப்பன் போட்டிகளும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கேதான் நடந்தன.

கிரீனும் தரையும்

ஒரு மைதானத்தை ஓர் உறுப்பை வைத்து மட்டும் மதிப்பிடச் சொன்னால் நான் கிரீன்களைத்தான் பார்ப்பேன். எல்லோருடைய ஆட்டமும் அங்கேதான் முடிகிறது. எண்பது வயதுக்காரரும் பத்து வயதுக் குழந்தையும் சமமாக நிற்கும் இடமும் அதுதான். கிரீன் மேடும் பள்ளமுமாக, தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்திருந்தால், துளையை இடம் மாற்றும்போதெல்லாம் குழியே மாறிவிடும். தட்டையான கிரீனில் துளை எங்கிருந்தாலும் ஒன்றுதான்.

ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் மைதானத்தில் 15ஆவது குழி, ‘ரெடான்’ என்று பெயர், பார் 3. கிரீன் வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கமாக, நம்மைவிட்டு விலகிச் சரிகிறது. இடது முன்பக்கத்தில் பங்கர். கொடியை நோக்கி நேரே பறக்கவிடலாம்; அல்லது வேண்டுமென்றே வலப்பக்கம் இறக்கி, சரிவே பந்தைக் கொடியின் அருகே கொண்டுசேர்க்கும்படி விட்டுவிடலாம். பந்து தரையில் விழுந்த பிறகும் மெல்ல வளைந்து, ஊர்ந்து, நின்றுவிடுமோ என்று பதைக்க வைத்து, கடைசியில் கொடிப்பக்கம் திரும்புவதைப் பார்ப்பது அலாதி ஆனந்தம். உலகம் முழுக்க வடிவமைப்பாளர்கள் இந்தக் குழியை நகலெடுத்ததில் வியப்பில்லை.

இதற்குத் தரை இறுகியும் உலர்ந்தும் இருக்க வேண்டும். கடலோர மணல்மேட்டு நிலங்களில் நீர் வேகமாக வடிந்துவிடுவதால், பந்து விழுந்து ஓடும். தண்ணீரை அளவுக்கு மீறிப் பாய்ச்சி, பச்சைப்பசேலென்று வைத்திருக்கும் மைதானத்தில் பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும். தரையின் மேடுபள்ளங்கள் வெறும் அலங்காரமாகிவிடும். நிறம் கொஞ்சம் மங்கிய புல்லைப் பார்த்துப் பராமரிப்பு சரியில்லை என்று முகம் சுளிக்க வேண்டாம். பெரும்பாலும் அங்கேதான் ஆட்டம் சுவையாக இருக்கும்.

கிரீனின் வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் 1935இல் உருவாக்கிய ஸ்டிம்ப்மீட்டர் என்ற சாய்வுப் பள்ளக் கருவியிலிருந்து பந்தை உருட்டி, அது எத்தனை அடி ஓடுகிறது என்று அளக்கிறார்கள். 9 அடி ஓடும் கிரீனில் சுவையாக இருக்கும் ஒரு சரிவு, 13 அடி ஓடும் வேகத்தில் பந்தை நிற்கவே விடாது. ஆகவே வேகத்தின் மீது மோகம் கொண்ட மைதானங்கள் சரிவுகளைத் தட்டையாக்கிவிடுகின்றன. பெருமைக்காக வேகத்தைக் கூட்டி, சுவையான வளைவுகளை இழப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

நடையும் திசையும்

ஒரு கிரீனை முடித்துவிட்டு நாலு எட்டு வைத்தால் அடுத்த டீ வந்துவிட வேண்டும். அப்போதுதான் பேச்சு அறுபடாது, ஆட்டத்தின் ஓட்டமும் தடைபடாது. குழிகளுக்கிடையே வண்டியில் ஏறி நெடுந்தூரம் போக வேண்டியிருந்தால், பதினெட்டுத் தனித்தனித் துண்டுகளை ஆடிய நினைவுதான் மிஞ்சும். அமெரிக்காவின் ஆரிகனில் 1999இல் திறந்த பேண்டன் டியூன்ஸ் மைதானம் நடந்து ஆடுவதையே விதியாக வைத்தும் அங்கே உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

திசையும் முக்கியம். ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்ட் மைதானத்தில் முதல் ஒன்பது குழிகள் வெளிவட்டமாகக் கடிகார திசையிலும், அடுத்த ஒன்பது அதற்கு உள்ளே எதிர்த்திசையிலும் ஓடுகின்றன. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் அடுத்தடுத்த குழிகளில் அதை வெவ்வேறு விதமாகச் சந்திக்கிறீர்கள். ஒரே காற்றை எதிர்த்துத் தொடர்ந்து ஏழு குழி ஆடுவதன் களைப்பு அங்கே இல்லை.

பழகப் பழக

1921 ஓப்பனில் 19 வயது பாபி ஜோன்ஸ் ஓல்டு கோர்ஸின் 11ஆவது குழியில் பங்கரிலிருந்து மீள முடியாமல், போட்டியிலிருந்தே விலகினார். மைதானத்தை வெறுத்தார். பிறகு திரும்ப வந்து ஆட ஆட, ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் காரணம் புலப்பட்டது. 1927இல் அங்கேயே ஓப்பனை வென்றார்; 1930இல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் அங்கேயே வென்றார். 1958இல் அந்த நகரம் அவருக்குத் தன் கௌரவக் குடியுரிமையை வழங்கியது. முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் காட்டிவிடும் மைதானத்தோடு இப்படி ஓர் உறவு சாத்தியமில்லை. அந்த ஓல்டு கோர்ஸை ஒரு காலத்தில் எதிர்த்திசையிலும் ஆடினார்கள். இந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் ஒரு திசை, மறுநாள் எதிர்த்திசை என்று ஆடக்கூடிய மைதானம் ஒன்றை வடிவமைப்பாளர் டாம் டோக் அமெரிக்காவின் மிச்சிகனில் 2016இல் அமைத்தார்.

புதிதாக ஒரு மைதானத்துக்குப் போகும்போது, முன் டீயைத் தேர்ந்தெடுங்கள். முதல் தடவை 9 குழி போதும். ஒவ்வொரு கிரீனையும் விட்டு இறங்கும் முன் ஒரு கணம் டீயை நோக்கித் திரும்பிப் பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்தால் வழி திறந்திருக்கும் என்பது அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். மறுநாள் காலை மதிப்பெண் அட்டையைப் பார்க்காமல் குழிகளை வரிசையாக நினைவுகூர முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழிகள் கலங்கலாக ஒன்றோடொன்று குழம்பினால், வேறு மைதானம் பார்க்கலாம். ‘நான்காவதில் இடப்பக்கம் போயிருக்க வேண்டும், ஏழாவதில் பந்தை உருட்டியிருக்க வேண்டும்’ என்று மனம் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தால், அடுத்த ஆட்டத்துக்கு நேரம் பதிவு செய்துவிடுங்கள்.